பிரெக்சிட்டால் பிரிட்டனுக்கு நஷ்டமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெக்சிட் நடந்தால், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால், பிரிட்டனின் பொருளாதாரம் அடிவாங்கும் என்று ஒரு தரப்பு சொன்னது. அதெல்லாம் பூச்சாண்டி என்றது இன்னொரு தரப்பு. 2016-இல் உச்சத்துக்குப் போன அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. "மந்தம் வரும் என்றார்களே, வந்ததா?" என்று ஒருவர் கேட்டால், "வரவேண்டிய வளர்ச்சி எங்கே?" என்று மற்றவர் திருப்பிக் கேட்கிறார். இருவரும் வேறு வேறு கணிப்புகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களில் அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன்.

பிரிட்டன் எதிலிருந்து, எப்போது வெளியேறியது?

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975-இல் தொடர்ந்து இருக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். அந்தச் சமூகம் வளர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ஆனது. 2016 ஜூன் 23 அன்று மறுபடியும் கேட்டார்கள். வெளியேறலாம் என்று 1 கோடியே 74 லட்சம் பேரும், நீடிக்கலாம் என்று 1 கோடியே 61 லட்சம் பேரும் வாக்களித்தார்கள். சதவீதத்தில் 51.9-க்கு 48.1.

சட்டப்படியான விலகல் 2020 ஜனவரி 31 அன்று நடந்தது. அந்த ஆண்டுக் கடைசிவரை பழைய விதிகளே தொடர்ந்தன. புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரி 1 அன்றுதான். இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாக்களிப்புக்கும் இதற்கும் நடுவில் நாலரை வருடம் இருக்கிறது. பிற்பாடு வந்த குழப்பத்தில் பாதி அந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

புதிய ஒப்பந்தத்தில் சுங்க வரியே கிடையாதாமே, அப்புறம் என்ன இழப்பு?

2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடிவான ஒப்பந்தத்தில் வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. அது உண்மை. ஆனால் இன்றைய வணிகத்தில் பல சரக்குகளுக்கு வரியைவிடக் காகிதம்தான் பெரிய சுமை.

உள்ளே இருந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து ஸ்பெயினுக்கு மீன் ஏற்றிப் போன லாரி, ஒரே நாட்டுக்குள் ஊர் விட்டு ஊர் போவதுபோலப் போனது. வெளியே வந்த பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிக்கை வேண்டும். இறைச்சி, பால், மீன் என்றால் தகுதியுள்ள அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். சரக்கு உண்மையில் பிரிட்டனில்தான் உருவானதா என்றும் காட்ட வேண்டும். வேறு நாட்டில் வாங்கி, பெட்டியை மட்டும் மாற்றி அனுப்பினால் வரி விலக்கு கிடைக்காது. பத்து வகைப் பொருளை ஒரே லாரியில் கலந்து அனுப்பும் சின்ன வணிகருக்கு இது பத்து மடங்கு வேலை.

சில சரக்குகளுக்குக் கதவே அடைபட்டது. சிப்பி, மட்டி வகைகளை உயிரோடு, சுத்திகரிக்காமல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பி, அங்கே சுத்திகரித்து விற்பது பழைய வழக்கம். பிரிட்டன் கடல்களில் பெரும்பகுதி, அப்படி அனுப்ப உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே அனுமதி உள்ள தர வகையில் வருகிறது. அந்த விதி பிரெக்சிட்டுக்கு முன்பே இருந்ததுதான். உறுப்பினர் என்ற தகுதி போனதும் அது பிரிட்டன் மேலும் பாய்ந்தது. அந்தச் சிப்பிக்காரர்கள் ஒரு பைசா வரி கட்டவில்லை, ஆனால் சந்தையை இழந்தார்கள்.

சேவைத் துறையிலும் இதே கதை. லண்டனில் உரிமம் வாங்கிய வங்கி ஒன்றியம் முழுவதும் தொழில் செய்யலாம் என்ற உரிமை 2020 கடைசியோடு முடிந்தது.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்றார்களே, யார் பையிலிருந்தும் அப்படிப் போகவில்லையே?

போகவில்லைதான். அந்த எண்ணைச் சொன்ன விதமே தப்பு என்பேன்.

2016 ஏப்ரலில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சகத்தின் நீண்டகாலக் கணிப்பை வெளியிட்டார். கனடா செய்துகொண்டதுபோன்ற ஓர் ஒப்பந்தத்தோடு வெளியேறினால், சுமார் 15 ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தி, உள்ளேயே இருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட 6.2 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். அந்தக் குறைவை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வீட்டுக்கு 4,300 பவுண்டு வரும். மேடையில் அது "உங்கள் குடும்பம் 4,300 பவுண்டு ஏழையாகும்" என்று மாறியது. கேட்டவர்களுக்கு இப்போது கையில் இருப்பது போய்விடும் என்று பட்டதில் வியப்பில்லை.

ஒரு மாமரம் 100 காய் காய்க்கிறது. பதினைந்து வருடத்தில் 120 காய்க்கும் என்று கணக்கு. வேரில் ஒரு பக்கத்தை வெட்டினால் 113-தான் வரும் என்று ஒருவர் எச்சரிக்கிறார். வெட்டியாயிற்று. பதினைந்து வருடம் கழித்து 113 காய் தொங்குகிறது. "குறையும் என்றாயே, கூடித்தானே இருக்கிறது?" என்று கேட்டால், எச்சரித்தவர் காய்க்காத ஏழு காய்களைக் காட்ட முடியாது. பிரெக்சிட் விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மேடையில் பேசியவர்கள் அந்த எண்ணை அப்படி விளக்கியிருக்க வேண்டும். பயம் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

உடனடியாக மந்தம் வரும் என்ற கணிப்பு பொய்த்ததா, இல்லையா?

பொய்த்தது. அதைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016 மே மாதம் நிதியமைச்சகம் இரண்டாவதாக ஓர் அறிக்கை விட்டது. வெளியேற வாக்களித்தாலே ஓர் ஆண்டு மந்தம் வரும், இரண்டு ஆண்டில் உற்பத்தி, உள்ளேயே இருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட 3.6 சதவீதம் குறைவாக இருக்கும், சுமார் 5 லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்றது. ஜூன் நடுவில், வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு, 3,000 கோடி பவுண்டுக்கு வரி உயர்வும் செலவு வெட்டும் கொண்ட அவசர பட்ஜெட் போட வேண்டியிருக்கும் என்று ஆஸ்போர்ன் சொன்னார்.

மந்தம் வரவில்லை. அந்த பட்ஜெட்டும் வரவில்லை. வேலையில்லாதோர் விகிதம் கூடாமல் குறைந்துகொண்டே போய், 2019-இல் 1970-களுக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது.

ஏன் தவறியது? வாக்களித்த கையோடு விலகல் நடைமுறை தொடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகினார். முறையான அறிவிப்பு 2017 மார்ச் 29 வரை தள்ளிப்போனது. மத்திய வங்கி கையைக் கட்டிக்கொண்டிருக்கும் என்றும் வைத்துக்கொண்டார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தோ 2016 ஆகஸ்டில் வட்டியை 0.5-லிருந்து 0.25 சதவீதமாகக் குறைத்து, சந்தையில் பணத்தை இறக்கியது. எல்லாவற்றையும்விட, சாதாரண மக்கள் பயந்து செலவைச் சுருக்கிக்கொள்ளவில்லை. வெளியேற வாக்களித்தவர்கள் தங்களுக்கு நல்லது நடந்திருப்பதாகத்தானே நினைத்தார்கள், அவர்கள் ஏன் கடைக்குப் போவதை நிறுத்தப்போகிறார்கள்?

ஒன்று மட்டும் பலித்தது. வாக்கு எண்ணிய அந்த இரவிலேயே பவுண்டின் மதிப்பு சுமார் 1.50 டாலரிலிருந்து 1.32 அளவுக்கு விழுந்து, 31 ஆண்டுகளில் இல்லாத தாழ்வைத் தொட்டது. இறக்குமதி விலைகள் ஏறி, 2017 நவம்பரில் பணவீக்கம் 3.1 சதவீதமானது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. இது இழப்பு இல்லாமல் வேறென்ன?

அப்படியானால் நிபுணர்களை நம்பாதது சரிதானே?

ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று சொல்வதும், வணிகத் தடை கூடினால் காலப்போக்கில் என்ன ஆகும் என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னதில் பொருளாதார அறிஞர்கள் அடிக்கடி தவறுவார்கள். 2008 நெருக்கடியையே பெரும்பாலோர் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பின்னதில் அவர்களிடம் பல பத்தாண்டுகளின் சான்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பெரிய சந்தையோடுதான் எந்த நாடும் அதிகம் வணிகம் செய்கிறது. நடுவில் தடை வைத்தால் அது குறைகிறது.

2016 மே மாதம் 600-க்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்களிடம் இப்சோஸ் நிறுவனம் கருத்துக் கேட்டது. அடுத்த ஐந்தாண்டில் வளர்ச்சி பாதிக்கும் என்று 88 சதவீதம் பேர் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தில் பேராசிரியர் பேட்ரிக் மின்ஃபோர்டைச் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு, வெளியேறினால் உற்பத்தி 4 சதவீதம் கூடும் என்றது. தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பார்ப்பவருக்குப் பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றும். நடுநிலை என்ற பெயரில் நடந்த இந்தத் தவறு என்னை இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். மின்ஃபோர்டின் கணக்கு, பிரிட்டன் எல்லா நாட்டுச் சரக்குக்கும் தன் வரியை நீக்கிவிடும் என்பதில் நிற்கிறது. அப்படிச் செய்தால் உற்பத்தித் தொழில் பெரும்பாலும் காலியாகிவிடும் என்று அவரே பத்திரிகையில் எழுதினார், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். நிசான் ஆலை இருக்கும் சண்டர்லாந்தின் கார்த் தொழிலாளிக்கு, தொழில் காலியாகும் என்ற அந்தப் பாதி போய்ச் சேரவில்லை.

"அமைப்புகளின் பெயரில் வந்து, எல்லாம் தெரிந்ததுபோலப் பேசித் தவறு செய்யும் நிபுணர்கள் மக்களுக்கு அலுத்துப்போய்விட்டார்கள்" என்ற பொருளில் அமைச்சர் மைக்கேல் கோவ் 2016 ஜூனில் பேசியது பிரபலமானது. மந்தம் வராமல் போனதும் அந்தப் பேச்சுக்கு வலு கூடியது. குறுகியகாலக் கணிப்பு தவறியதைக் காட்டி, நீண்டகாலக் கணிப்பையும் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான், இரண்டு தரப்பு மீதும்.

சிவப்புப் பேருந்தில் எழுதியிருந்த வாரம் 35 கோடி பவுண்டு?

பிரிட்டன் ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி அனுப்புகிறது, அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று வெளியேறும் தரப்பு தன் பிரசாரப் பேருந்தில் எழுதியிருந்தது. 1984-இல் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் பிரிட்டன் கட்டும் தொகையில் வாங்கித் தந்த தள்ளுபடி முதலிலேயே கழிந்துவிடும், ஆகவே போனது சுமார் 25 கோடிதான். அதிலும் ஒரு பகுதி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்தது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அந்த எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று கண்டித்தது. எல்லாம் போக நிகரச் செலவு நாட்டு உற்பத்தியில் சுமார் அரை சதவீதம். வளர்ச்சியில் சில சதவீதம் போனால் வரி வருவாய் இதைவிட அதிகம் குறையும்.

இழப்பை எப்படி அளக்கிறார்கள்? வெளியேறாத பிரிட்டன் என்று ஒன்று இல்லையே?

இல்லைதான். அதனால்தான் விவாதம் முடியவில்லை.

ஒரு வழி, வேறு நாடுகளைக் கலந்து ஒரு நகல் பிரிட்டனைச் செய்வது. 2016-க்கு முன்பு எந்த நாடுகளின் கலவை பிரிட்டனைப் போலவே வளர்ந்ததோ, அந்தக் கலவை 2016-க்குப் பிறகு எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது. ஐரோப்பியச் சீர்திருத்த மையம் என்ற ஆய்வு அமைப்பின் ஜான் ஸ்ப்ரிங்ஃபோர்டு இப்படிக் கணக்கிட்டு, 2022 நடுவில் பிரிட்டனின் பொருளாதாரம் நகலைவிட 5.5 சதவீதம் சிறிது என்றார். கலவையில் அமெரிக்காவின் பங்கு அதிகம், அமெரிக்கா வேகமாக வளர்ந்ததற்கும் பிரெக்சிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இன்னொரு வழி, வணிகம் எவ்வளவு குறையும், அதனால் உற்பத்தித் திறன் எவ்வளவு குறையும் என்று படிப்படியாகப் போவது. அரசின் பட்ஜெட் கணிப்புகளைச் சுயமாகத் தயாரிக்கும் அலுவலகம் இப்படித்தான் செய்கிறது. ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறையும், உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அதன் நிலை.

மறுதரப்பின் வலுவான வாதம் ஜெர்மனி. 2019-க்குப் பிறகு அது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெளியே போன பிரிட்டன் அதைவிட வளர்ந்திருக்கிறது. ஆனால் ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த ஜெர்மனிக்கு வேறு நோய். கோவிட், உக்ரைன் போர் இரண்டும் 2020-க்குப் பிறகான எல்லா எண்களையும் கலக்கிவிட்டன. ஆகவே 4-ஆ, 5-ஆ என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இழப்பு என்ற திசையில் மட்டும் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

யாருக்கு அடி அதிகம்?

சின்ன நிறுவனங்களுக்கு. லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கில், 2022-இல் சரக்கு ஏற்றுமதி 2,700 கோடி பவுண்டு குறைந்தது. சுமார் 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே விட்டுவிட்டன. பெரிய நிறுவனங்கள் சுங்க வேலைக்கு ஆள் போட்டுச் சமாளித்தன. ஆறு பேர் வேலை பார்க்கும் பாலாடைக்கட்டிப் பண்ணை என்ன செய்யும்?

அப்புறம், மளிகைச் செலவு. 2021 கடைசிவரையான இரண்டு ஆண்டில் பிரெக்சிட் தடைகளால் உணவுச் செலவு வீட்டுக்குச் சராசரியாக 210 பவுண்டு கூடியது என்று அதே மையம் கணக்கிட்டது. வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் ஏழை வீடுகளை இது அதிகம் கடித்தது.

சொன்ன ஆபத்துகளில் நடக்காதவை?

இருக்கின்றன. லண்டன் நிதித் துறையிலிருந்து பல பத்தாயிரம் வேலைகள் போய்விடும் என்றார்கள். ஒன்றியத்துக்கு இடம் மாறியவை 2022 வரை சுமார் 7,000 என்று ஈ-ஒய் என்ற தணிக்கை நிறுவனம் கணக்கெடுத்தது. 61 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்த சண்டர்லாந்தில் நிசான் ஆலை மூடவில்லை. 2021-இல் மின்சாரக் கார், மின்கலத் திட்டமே வந்தது. ஸ்விண்டனில் ஹோண்டா ஆலை அதே ஆண்டு மூடியது. பிரெக்சிட் காரணமல்ல என்று அந்த நிறுவனம் சொன்னது.

லாபம் ஒன்றுமே இல்லையா?

உண்டு. 2025-இல் அமெரிக்கா எல்லோர் மேலும் வரி போட்டபோது பிரிட்டனுக்குப் பொது விகிதம் 10 சதவீதம், ஒன்றியத்துக்கு 15. வெளியே இருந்ததால் கிடைத்த பலன் இது.

நமக்கு நெருக்கமான உதாரணம் திருப்பூர். இந்தியப் பருத்தி ஆடைகளுக்கு பிரிட்டனில் 9.6 சதவீதம் அளவுக்கு வரி இருந்தது. வங்கதேசத்துக்கு வரியே இல்லை. விலையில் போட்டி போட முடியாமல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பல வருடம் முறையிட்டார்கள். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் அந்த வரியை நீக்குகிறது. உறுப்பினராக இருந்திருந்தால் பிரிட்டன் இதில் தனியாகக் கையெழுத்திட்டிருக்க முடியாது. ஒன்றியத்தோடு இந்தியா 2007-இல் தொடங்கிய பேச்சு 2013-இல் நின்று, 2022-இல்தான் மறுபடி தொடங்கியது.

திருப்பூருக்கு இது பெரிய சேதி. பிரிட்டனுக்கு? நீண்டகாலத்தில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு, அதாவது உற்பத்தியில் சுமார் 0.13 சதவீதம் என்று அந்நாட்டு அரசே மதிப்பிட்டது. மேலே பார்த்த 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, பசிபிக் நாடுகளுடனான ஒப்பந்தங்களின் மதிப்பு இதைவிடவும் குறைவு.

கோவிட் தடுப்பூசியைச் சீக்கிரம் அங்கீகரித்தது பிரெக்சிட்டால்தான் என்பது தவறு. 2020 டிசம்பரில் அந்த அனுமதி, அப்போதும் அமலில் இருந்த ஐரோப்பியச் சட்டத்தின் கீழ்தான் தரப்பட்டது.

நஷ்டம் வரும் என்று தெரிந்துமா வாக்களித்தார்கள்?

சிலர் நம்பவில்லை. சிலருக்கு அது இரண்டாம் பட்சம். லார்ட் ஆஷ்கிராஃப்ட் என்ற அரசியல் பிரமுகர் வாக்களிப்பு அன்று நடத்திய கருத்துக்கணிப்பில், வெளியேற வாக்களித்தவர்களில் 49 சதவீதம் பேர் முதல் காரணமாகச் சொன்னது, நாட்டைப் பற்றிய முடிவுகளை நாட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்பதுதான். அதற்காக ஒரு விலை கொடுக்கத் தயார் என்பவரை அறிவில்லாதவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நியூகாசிலில் நடந்த ஒரு கூட்டத்தை பேராசிரியர் ஆனந்த் மேனன் நினைவுகூர்ந்திருக்கிறார். வெளியேறினால் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, குறையும் என்று சொன்னபோது, கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாராம்: "அது உங்க ஜிடிபி, எங்களோடது இல்ல!" சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடி ஒரு தலைமுறை ஆன ஊர்ப்பக்கம் அது. நாட்டு உற்பத்தி கூடினபோதெல்லாம் தன் தெருவுக்கு ஒன்றும் வந்ததில்லை என்பவரிடம், அது குறையும் என்று சொல்லி எப்படிப் பயமுறுத்த முடியும்? நீடிப்போம் தரப்பிடம் இதற்குக் கடைசிவரை பதில் இல்லை.

இதற்கு முன்பு யாராவது வெளியேறியதுண்டா?

கிரீன்லாந்து. டென்மார்க்கோடு உள்ளே இருந்த அந்தத் தீவு 1982-இல் வாக்களித்து 1985-இல் வெளியேறியது. மக்கள்தொகை சுமார் 50,000, பிரச்சினை மீன். அதை வைத்து பிரிட்டனைக் கணிக்க வழியில்லை.

இப்போது என்ன நிலை? திரும்பச் சேருவார்களா?

2024-இல் வந்த கெய்ர் ஸ்டார்மரின் அரசு, ஒற்றைச் சந்தைக்கோ (ஒரே விதிகளின் கீழ் தடையில்லாமல் வணிகம் நடக்கும் ஏற்பாடு) சுங்க ஒன்றியத்துக்கோ (வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி போடும் ஏற்பாடு) திரும்ப மாட்டோம் என்று சொல்லித்தான் பதவிக்கு வந்தது. ஆனால் 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியத்தோடு பேசி, உணவுப் பொருள்களுக்கான சோதனைகளையும் சான்றிதழ்களையும் பெரும்பாலும் நீக்கும் ஏற்பாட்டுக்கு இசைந்தது. அதற்கு ஈடாக உணவு விதிகளில் ஒன்றியத்தின் போக்கிலேயே போக வேண்டும். ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கும் அனுமதியும் 12 ஆண்டு நீண்டு 2038 வரை போகிறது. ஸ்காட்லாந்து மீனவர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். கரையில் சிப்பி எடுப்பவர்களோ, 2021-இல் நின்றுபோன லாரிகள் மறுபடி கிளம்பும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள்.